மிஷின் தந்தீங்க, துணி யாரு தருவா?



ரமளானின் கடைசிப் பத்தில் நமது ஊர்களில் வழக்கமாக ஒரு காட்சியைப் பார்க்கிறோம். வீரசோழனோ, நரிக்குடிப் பக்கமோ, அருப்புக்கோட்டையோ, எந்த ஊராக இருந்தாலும் காட்சி ஒன்றுதான். வசதியுள்ளவர் ஒருவரின் வீட்டு வாசல். வெயில் தலையைப் பிளக்கிறது. சுவரோரமாகப் பெண்களின் வரிசை. நோன்பு வைத்த வாய் உலர்ந்து கிடக்கிறது. இடுப்பில் பிள்ளை, கையில் டோக்கன். பக்கத்து ஊர்களிலிருந்து பஸ் ஏறி வந்தவர்களும் உண்டு. முண்டாதே, வரிசையில் வா என்று ஒருவர் அதட்டுகிறார். ஒரு சேலை, அதன் மடிப்பில் ஒரு நூறு ரூபாய்த் தாள். வாங்குகிறவளின் முகம் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ!

அந்தச் சேலை மூன்று சலவைக்குத் தாங்காது. கொடுத்தவருக்கும் தெரியும், வாங்கியவளுக்கும் தெரியும்.

பெருநாள் போய் ஷவ்வால் இரண்டாவது வாரம். அதே பெண். இப்போது வேறொரு வாசலில், ஒரு திண்ணையில் உட்கார்ந்திருக்கிறாள். அவளோடு பத்துப் பதினைந்து பேர். எதிரே தோளில் பையோடு ஓர் இளைஞர், குழு லோன் வசூலிக்க வந்தவர். ஒருத்தி டியூ கட்டவில்லை என்றால் மற்றவர்கள் கட்ட வேண்டும், அதுவரை யாரும் எழுந்து போக முடியாது. நேற்றுவரை கூடப்பிறந்தவள் போல் பழகிய பக்கத்து வீட்டுக்காரி இன்று அவளைப் பார்த்து, உன்னால்தான் எங்களுக்கும் மானம் போகிறது என்று பேசுகிறாள்.

சகோதரர்களே! ரமளானில் ஒரு வாசலில் கையேந்துகிறாள், ஷவ்வாலில் இன்னொரு வாசலில் வட்டி கட்டுகிறாள். இந்த இரண்டு வாசலுக்கும் நடுவில் நீங்களும் நானும் எங்கே இருக்கிறோம்? நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள்.

வியாபாரிகளுக்குக் கணக்குச் சொன்னால்தான் புரியும். ஒரு கணக்குப் போடுவோம். ஒரு பெண் 40,000 ரூபாய் குழு லோன் எடுக்கிறாள். ஆண்டுக்கு 24 சதவீத வட்டி, குறையும் நிலுவைக்குத்தான் வட்டி, 24 மாதத் தவணை என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் சுமார் 2,115 ரூபாய் கட்டுவாள். முடிக்கும்போது கட்டியது 50,700க்கு மேல். வட்டி மட்டும் பத்தாயிரத்து எழுநூறு! ஒரு மஹல்லாவில் 50 பெண்கள் இப்படி வாங்கியிருந்தால் இரண்டே ஆண்டில் ஐந்து லட்சத்துக்கு மேல் அந்த ஊர் ஏழைகளின் கையிலிருந்து வட்டியாக வெளியேறுகிறது. நீங்கள் 500 சேலை கொடுக்கிறீர்கள். ஒரு சேலை 300 ரூபாய் என்றால் ஒன்றரை லட்சம். ஒரு கையால் ஒன்றரை லட்சத்தைப் போட்டுவிட்டு மறுகை வழியே ஐந்து லட்சம் ஓட விட்டிருக்கிறோம். உங்கள் கடையில் ஒரு கணக்கப்பிள்ளை இப்படிக் கணக்கு எழுதினால் நாளைக்கு வேலையில் வைத்திருப்பீர்களா?

2010இல் ஆந்திராவில் இந்தக் குழு லோன் நிறுவனங்களின் வசூல் கொடுமை தாங்காமல் பெண்கள் தற்கொலை செய்துகொண்ட செய்திகள் வந்து, அரசு அவசரச் சட்டமே போட வேண்டியதாயிற்று. தமிழ்நாட்டில் 2003இல் கந்துவட்டித் தடைச் சட்டம் வந்தது. 2025இல் கடன் நிறுவனங்களின் அடாவடி வசூலைத் தடுக்க இன்னொரு சட்டம் வந்தது. நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் சட்டம் வசூலுக்கு வருகிறவனின் குரலைத்தான் தாழ்த்தும். பிள்ளைக்கு ஃபீஸ் கட்டவும், மாமியாருக்கு மருந்து வாங்கவும் அவளைக் கடன் கேட்க வைக்கிற வெறும் கையை எந்தச் சட்டமும் நிரப்பாது.

வட்டி ஹராம் என்று மேடைக்கு மேடை முழங்குகிறோம். அது அல்லாஹ்வோடும் அவனுடைய தூதரோடும் போர் தொடுக்கும் காரியம் என்று வசனம் (2:279) ஓதிக் காட்டுகிறோம். அதற்கு அடுத்த வசனம், கடன்பட்டவன் சிரமத்தில் இருந்தால் வசதி வரும்வரை பொறுத்திருக்கச் சொல்கிறதே, தள்ளுபடி செய்வது அதைவிடச் சிறந்தது என்கிறதே, அதை எத்தனை மேடையில் பேசினோம்? வட்டியில்லாமல் பத்தாயிரம் கடன் கொடுக்க ஊரில் ஓர் ஏற்பாடு செய்யாமல், வட்டிக்கு வாங்கியவளை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது மார்க்கம் அல்ல. அது நமது கையாலாகாத்தனத்துக்கு நாம் போட்டுக்கொண்ட முக்காடு!

நாங்கள் செய்த தவறு

அடுத்தவரை மட்டும் குறை சொல்லிவிட்டுப் போக எனக்கு மனசாட்சி இடம் தரவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் நானும் சில சகோதரர்களும் சேர்ந்து, எங்கள் வட்டாரத்தில் ஓர் ஊரில் (ஊர் பெயர் வேண்டாம்) ஏழு பெண்களுக்குத் தையல் மிஷின் கொடுத்தோம். கணவன் இறந்தவர்கள் நால்வர், தலாக் ஆனவர்கள் இருவர், வெளிநாடு போன கணவனிடமிருந்து தகவலே இல்லாத ஒருத்தி. மேடை போட்டோம். மைக் வைத்தோம். பொன்னாடை வேண்டாம் என்று சொல்லியும் யாரோ வாங்கி வந்துவிட்டார்கள். நான் முக்கால் மணி நேரம் பேசினேன். உழைப்பின் மகத்துவம்! கைத்தொழிலின் சிறப்பு! தக்பீர் முழக்கத்தோடு கலைந்தோம்.

ஒரு வருடம் கழித்து வேறொரு வேலையாக அந்த ஊருக்குப் போனபோது, மிஷின் எப்படி ஓடுகிறது என்று பார்க்கலாமே என்று தோன்றியது. ஒரு வீட்டில் மிஷின் மேல் துணி மூட்டையும் அதன் மேல் டிவியும் இருந்தன. இரண்டு வீட்டில் மிஷினே இல்லை. ஒன்று பிள்ளை ஃபீஸுக்காக விற்கப்பட்டது, இன்னொன்று அடமானத்தில். ஒரு மிஷினில் பெல்ட் அறுந்து ஆறு மாதம். மாற்ற அருப்புக்கோட்டைக்கு எடுத்துப்போக வேண்டும், யார் எடுத்துப்போவது? இன்னும் இரண்டு வீட்டில் பெருநாளுக்குப் பெருநாள் மட்டும் ஓடியது. ஒரேயொரு பெண் மட்டும் அக்கம்பக்கத்து ஜாக்கெட்டுக்கு ஓரம் அடித்து ஏதோ சம்பாதித்துக்கொண்டிருந்தாள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அடமானம் வைத்த பெண்ணிடம், ஏம்மா, அமானிதமாகத் தந்த பொருளை இப்படிச் செய்யலாமா என்று கேட்டேன். அந்தப் பெண் குனிந்த தலை நிமிராமல் சொன்னாள்: "அஜரத்து, மிஷின் தந்தீங்க. துணி யாரு தருவா?"

சகோதரர்களே! பதினோரு வருடம் மதரஸாவில் ஓதியவன் நான். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அவள் சொன்னது உண்மை. ஓர் ஊரில் ஏழு பெண்களுக்கு ஏழு மிஷின். அந்த ஊர் மொத்தமே மாதம் ஐம்பது ஜாக்கெட் தைக்கக் கொடுக்காது. ஏழு பேரும் ஒருவருக்கொருவர் போட்டியாளர்கள். ஒருத்தி நாற்பது ரூபாய்க்குத் தைத்தால் அடுத்தவள் முப்பதுக்கு இறங்க வேண்டும். நாங்கள் தொழில் கொடுக்கவில்லை. பொருள் கொடுத்தோம், போட்டோ எடுத்தோம், வந்துவிட்டோம். துணியை மொத்தமாக வாங்க ஆள் இல்லை. வெட்டத் தெரிந்தவள் இல்லை. தைத்ததை எடுக்கக் கடை இல்லை. பெல்ட் அறுந்தால் மாற்ற வழி இல்லை. தனித்தனியாக நின்ற ஏழு பெண்கள் தனித்தனியாகத் தோற்றார்கள்.

கொடுத்தால் விற்றுத் தின்றுவிடுவார்கள் என்று உங்களில் சிலர் சொல்கிறீர்களே, அது இந்தக் கதையின் பாதிதான். மீதிப் பாதியில் நாம் இருக்கிறோம்.

தரியாப்பூர் பெண்கள்

இந்தப் பெண்களைச் சேர்த்து நிறுத்த முடியுமா? முடியும், முடிந்திருக்கிறது. எங்கே, யார் செய்தார்கள் என்பதைக் கேட்டால் கொஞ்சம் வெட்கமாகவும் இருக்கும்.

அகமதாபாத் நகரில் தரியாப்பூர் என்று ஒரு பகுதி. மில்களில் கழிக்கும் துண்டுத் துணிகளை வைத்து மெத்தை உறை தைத்துப் பிழைத்த பெண்கள் அங்கே ஏராளம். அவர்களில் பலர் நம் சமுதாயப் பெண்கள். வியாபாரி துண்டுத்துணியை எடை போட்டுத் தருவார். வீட்டில் உட்கார்ந்து ஒட்டுப் போட்டுத் தைத்துக் கொடுக்க வேண்டும். உறைக்கு இவ்வளவு என்று வியாபாரி வைத்ததுதான் கூலி. நூலும் அவள் செலவு, மிஷினும் அவள் செலவு. கழித்தது போகக் கையில் நின்றது சில்லறை. சச்சார் குழு 2006இல் தந்த அறிக்கை சொல்கிறது: உழைக்கும் பெண்களில் வீட்டிலிருந்தே வேலை செய்வோர் பொதுவாக 51 சதவீதம் என்றால் முஸ்லிம் பெண்களில் அது 70 சதவீதம். அப்படியானால் தரியாப்பூர் ஏதோ தூரத்து ஊர் அல்ல, நம்முடைய வீட்டுத் திண்ணைதான்.

அந்த நகரில் இலா பட் என்ற வழக்கறிஞர் 1972இல் சேவா என்ற பெயரில் பெண் தொழிலாளர் சங்கம் ஒன்றைத் தொடங்கினார். பதிவு செய்யப் போனால் அதிகாரிக்குக் குழப்பம். முதலாளி யார் என்றே தெரியாதவர்களுக்குச் சங்கம் எப்படி என்று கேட்டார்களாம்! 1974இல் அந்தப் பெண்கள் சொந்தமாக ஒரு கூட்டுறவு வங்கி தொடங்கினார்கள். ஏறத்தாழ 4,000 பேர், தலைக்குப் பத்து ரூபாய் பங்கு. பதிவுப் பத்திரத்தில் கைநாட்டு வைக்கக் கூடாது என்று முன்னணியில் நின்ற பெண்கள் இராமுழுக்க விழித்துத் தங்கள் பெயரை எழுதப் பழகினார்கள் என்பது அந்த வங்கியின் வரலாறு. (அந்த வங்கி வட்டி வாங்குகிறது. அதை நான் எடுத்துக்கொள்ளச் சொல்லவில்லை. அமைப்பைப் பாருங்கள் என்கிறேன்.)

எழுபதுகளின் பிற்பகுதியில் தரியாப்பூர் பெண்கள் சேவாவில் சேர்ந்து கூலி உயர்வு கேட்டார்கள். வியாபாரிகள் என்ன செய்தார்கள் தெரியுமா? கேட்டவர்களுக்கு வேலை கொடுப்பதையே நிறுத்தினார்கள். தனியாக இருந்தால் மறுநாளே போய்க் காலில் விழுந்திருப்பார்கள். சேர்ந்து நின்றதால் வேறு வழி யோசித்தார்கள். வியாபாரி எங்கே வாங்குகிறாரோ அங்கேயே, மில்லிலேயே, நாமும் துண்டுத்துணி வாங்கினால் என்ன? வாங்கினார்கள். தாங்களே தைத்து விற்றார்கள். அதுவே சபீனா என்ற பெயரில் கூட்டுறவுச் சங்கமாயிற்று. பிறகும் சுகமாகப் போய்விடவில்லை. வியாபாரிகளோடு விலைப்போட்டி. நகரத்தில் கலவரங்கள். அகமதாபாத்தின் மில்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டபோது துண்டுத்துணிக்கே பஞ்சம். இத்தனைக்கும் நடுவில் அந்தப் பெண்கள் கற்றுக்கொண்டது தையல் அல்ல. தையல் அவர்களுக்கு முன்பே தெரியும். விலை பேசக் கற்றுக்கொண்டார்கள், கணக்கு எழுதக் கற்றுக்கொண்டார்கள், ஆபீஸில் போய் நாற்காலியில் உட்கார்ந்து பேசக் கற்றுக்கொண்டார்கள்.

இலா பட் 2022இல் இறந்தார். பிராமணக் குடும்பத்தில் பிறந்தவர். நம் பெண்களின் திண்ணையில் வந்து உட்கார்ந்து அவர்களின் கூலியைக் கேட்டவர். அந்த வேலையை நம்மில் எத்தனை ஆலிம்கள், எத்தனை ஜமாஅத் தலைவர்கள் செய்தோம்?

பம்பாயில் இன்னொரு கதை. 1959 மார்ச் 15 அன்று கிர்காமில் ஏழு பெண்கள் மொட்டை மாடியில் உட்கார்ந்து அப்பளம் உருட்டினார்கள். கடனாக வாங்கிய முதல் 80 ரூபாய். இன்று லிஜ்ஜத் அப்பளத்தை நீங்கள் உங்கள் கடையிலேயே விற்றுக்கொண்டிருப்பீர்கள். அங்கே கூலியாள் என்று யாரும் இல்லை. உருட்டும் ஒவ்வொருத்தியும் உரிமையாளர். 45,000 பெண்கள். நன்கொடை வாங்குவதில்லை என்பது ஆரம்பத்திலிருந்தே அவர்களின் விதி. நமக்குப் படிக்க வேண்டியது அவர்களின் வேலை முறை. காலையில் கிளைக்கு வருகிறாள், நேற்று வீட்டில் உருட்டிக் காயவைத்த அப்பளத்தைக் கொடுத்துக் காசு வாங்குகிறாள், பிசைந்த மாவை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறாள். நாள் முழுக்க வெளியே இருக்க வேண்டியதில்லை. பர்தாவுக்கு எந்தப் பங்கமும் இல்லை.

பெண் வெளியே போகலாமா?

இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். கேட்பவர்கள் யார் என்றும் தெரியும். குழு லோன் கூட்டத்துக்கு வாராவாரம் அவள் போகும்போது கேட்காதவர்கள். காலை ஐந்து மணிக்கு அரிவாளோடு சீமைக்கருவேல் வெட்டப் போகும்போது கேட்காதவர்கள். மிளகாய் மண்டியில் கண் எரிய எரியக் காம்பு கிள்ளிவிட்டு வரும்போது கேட்காதவர்கள். பத்துப் பெண்கள் ஒரு கூடத்தில் உட்கார்ந்து தொழில் செய்யப்போகிறோம் என்றதும் மட்டும் இவர்களுக்கு மார்க்கம் ஞாபகத்துக்கு வந்துவிடுகிறது!

மார்க்கத்தையே பார்ப்போம். ஜாபிர் (ரலி) அவர்களின் சிறிய தாயார் தலாக் விடப்பட்டு இத்தாவில் இருந்தார். தமது பேரீச்சை மரங்களில் கனி பறிக்கப் புறப்பட்டபோது ஒருவர் தடுத்தார். அவர் நபி (ஸல்) அவர்களிடம் வந்து முறையிட்டார். போய்ப் பறித்துக்கொள், அதிலிருந்து நீ தர்மம் செய்யக்கூடும் என்ற கருத்தில் நபியவர்கள் அனுமதி தந்தார்கள் (முஸ்லிம்). நன்றாகக் கவனியுங்கள். இத்தாவில் இருக்கும் பெண். அவளைத் தடுத்தவரின் பேச்சு எடுபடவில்லை. அதோடு, அவள் தர்மம் வாங்குவாள் என்று நபியவர்கள் பேசவில்லை, தர்மம் கொடுப்பாள் என்று பேசினார்கள்!

நபியவர்களின் துணைவியர் தங்களில் யார் முதலில் நபியவர்களைச் சேர்வார் என்று கேட்டபோது, கை நீளமானவர் என்று பதில் வந்தது. அவர்கள் கையை அளந்து பார்த்தார்கள். பிறகுதான் தெரிந்தது, அது ஸைனப் (ரலி) என்று. காரணத்தை ஆயிஷா (ரலி) சொல்கிறார்கள்: அவர் தம் கையால் வேலை செய்வார், அதிலிருந்து தர்மம் செய்வார் (முஸ்லிம்). ஆண்கள் சம்பாதித்ததில் ஆண்களுக்குப் பங்கு, பெண்கள் சம்பாதித்ததில் பெண்களுக்குப் பங்கு என்பது திருக்குர்ஆன் 4:32இன் கருத்து. உயர்ந்த கை தாழ்ந்த கையைவிடச் சிறந்தது என்ற புகாரி ஹதீஸை நாம் வசூலுக்குப் போகும்போது மட்டும்தான் சொல்கிறோம். அந்தப் பெண்ணின் கை ஏன் உயர்ந்த கையாக மாறக் கூடாது?

கண்ணெதிரே இருப்பதும் தெரியவில்லை

அகமதாபாத்தும் பம்பாயும் தூரம் என்கிறீர்களா? சரி, பக்கத்தில் வருவோம்.

அரசுப் பள்ளியில் சத்துணவு சாப்பிடும் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு அரசு இலவசச் சீருடை தருகிறது. 2012-13 கல்வியாண்டு முதல் ஆண்டுக்கு நான்கு செட். அந்தச் சட்டையைத் தைப்பது யார்? சமூக நலத்துறையின் கீழ் மாவட்டம்தோறும் இயங்கும் மகளிர் தையல் தொழிற்கூட்டுறவுச் சங்கங்கள். துணி கைத்தறி, விசைத்தறிக் கூட்டுறவுச் சங்கங்களிலிருந்து வருகிறது. உறுப்பினர் பெண்கள் வாங்கிப்போய்த் தைத்துக் கொடுத்து உருப்படிக்குக் கூலி பெறுகிறார்கள். விதவைகள், கைவிடப்பட்டவர்கள், ஏழைகள் ஆகியோருக்கு உறுப்பினர் சேர்க்கையில் முன்னுரிமை. அந்தப் பெண் என்னிடம் கேட்டாளே, துணி யார் தருவா என்று, அதற்கான பதில் மாவட்டத் தலைநகரில் அரசு அலுவலகத்தில் இத்தனை காலமாக இருந்திருக்கிறது! உங்கள் மஹல்லாவில் அந்தச் சங்கத்தில் உறுப்பினராக எத்தனை பேர்? விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். விண்ணப்பம் எங்கே வாங்குவது, எந்தச் சான்றிதழ் வேண்டும் என்று எந்த ஜும்ஆவுக்குப் பின் யார் அறிவித்தோம்? அந்தச் சங்கங்களில் கூலி போதவில்லை, புதியவர்களைச் சேர்ப்பதில்லை என்று குறைகள் உண்டு. இருக்கட்டும். உள்ளே ஆள் இருந்தால்தானே குறையைப் பேச முடியும்?

இன்னொன்று. மாவட்டம்தோறும் ஆட்சியர் தலைமையில் முஸ்லிம் மகளிர் உதவும் சங்கம் என்று ஒன்று இருக்கிறது. நமது சமுதாயத்தின் ஆதரவற்ற பெண்களுக்காகவே ஏற்படுத்தப்பட்டது. சமுதாயம் திரட்டும் நிதிக்கு அரசு இணை மானியம் தருகிறது. ஆரம்பத்தில் ரூபாய்க்கு ரூபாய், பின்னர் நம்முடைய ஒரு ரூபாய்க்கு அரசின் இரண்டு ரூபாய் என்று உயர்த்தப்பட்டது. வியாபாரிகளே! ஒன்று போட்டால் மூன்றாகும் என்று யாராவது மோசடிக் கம்பெனிக்காரன் சொன்னால் நகையை விற்றுக் கொண்டுபோய்க் கொட்டுகிறீர்கள். இங்கே உண்மையாகவே ஒன்று மூன்றாகிற இடம் இருக்கிறது. இந்தச் சங்கத்துக்குக் கடைசியாக எப்போது ரசீது போட்டீர்கள்? இதுவும் தையல் மிஷின் கொடுப்பதோடு நின்றுவிடக் கூடாது என்று ஆட்சியரிடம் போய்க் கேட்க வேண்டியதும் நாம்தான்.

நெல்லைச் சீமையில் பத்தமடைப் பாயை நெய்வது நம் லெப்பைக் குடும்பத்துப் பெண்கள். 2013இல் புவிசார் குறியீடு கிடைத்த பாய். ஊர் பெயரும் பாய் பெயரும் உலகம் அறிந்தது. நெய்தவளின் முதுகு வலி மட்டும் யாருக்கும் தெரியாது. குறியீட்டுப் பட்டயம் கூலியை உயர்த்தாது. விலை சொல்லும் உரிமை யார் கையில் என்பதுதான் கூலியை உயர்த்தும் அல்லது தாழ்த்தும்.

ஜகாத்தும் பங்கும்

மார்க்கம் தெரிந்த வியாபாரி ஒருவர் என்னிடம் ஒரு நியாயமான கேள்வி கேட்டார். ஜகாத் பணத்தைச் சங்கத்தில் முதலீடாகப் போடலாமா, ஜகாத் ஏழைக்கு உரிமையாகிவிட வேண்டுமே என்றார். சரியான கேள்வி. ஜகாத்தைச் சங்கத்தின் பெயரில் போடாதீர்கள். அதற்குத் தகுதியான பெண்ணின் கையில் அவளுடைய பணமாகவே கொடுங்கள். அதில் ஒரு பகுதியை அவள் விரும்பினால் தன் பெயரில் பங்காகப் போடட்டும். விரும்பாவிட்டால் வற்புறுத்த உங்களுக்கு உரிமை இல்லை. அவள் பெயரில் பங்குப் பத்திரம் இருக்கும். லாபம் வந்தால் அவளுக்கு. சங்கத்திலிருந்து விலகினால் பங்குத் தொகை அவளுக்கு. சேலை கொடுத்தபோது அவளுக்கு என்ன உரிமையானது? இரண்டு சலவைக்குத் துணி. இங்கே ஒரு தொழிலில் பங்கு உரிமையாகிறது.

கடனில் மூழ்கியவர்களும் ஜகாத் பெறும் எட்டு வகையினரில் உண்டே (9:60)! அன்றாடத் தேவைக்காகக் குழு லோனில் சிக்கியவளின் அசலை அடைத்து மீட்டு, அதன்பின் தொழிலில் சேர்க்கலாம். நாற்பது லட்சம் சரக்கும் ரொக்கமும் வைத்திருப்பவரின் ஜகாத் ஒரு லட்சம். அப்படிப் பத்துப் பேர் இருக்கிற ஊர் ஒவ்வொரு ஆண்டும் முப்பது நாற்பது பெண்களைக் கடனிலிருந்து மீட்கலாம். அவசரத்துக்கு வட்டியில்லாக் கடன் வேண்டுமா? தேவ்பந்தில் முஸ்லிம் ஃபண்ட் 1961இலிருந்து நகையை வைத்துக்கொண்டு வட்டியில்லாமல் கொடுத்து வருகிறது. நம் பக்கம் பைத்துல்மால் என்று பலகை மாட்டிய ஊர்கள் பல. பலகைக்குப் பின்னால் பீரோ இருக்கிறதா, பீரோவுக்குள் பணம் இருக்கிறதா என்று இளைஞர்கள் போய்க் கேளுங்கள்.

அமைப்பு ரீதியாக வழிகள் திறந்தே கிடக்கின்றன. பத்து உற்பத்தியாளர்கள் சேர்ந்தால் கம்பெனிச் சட்டத்தின் கீழ் உற்பத்தியாளர் நிறுவனம் பதியலாம். 12 முதல் 20 பேர் கொண்ட சுய உதவிக்குழுவாகத் தொடங்கி, வங்கிக் கடனுக்குப் போகாமல் சொந்தச் சேமிப்பையும் தொழிலையும் மட்டும் நடத்தலாம். எது வசதியோ அதைச் செய்யுங்கள். ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். தலைவி, செயலாளர், பொருளாளர் மூவரும் அந்தப் பெண்களிலிருந்து, அந்தப் பெண்களால் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும். ஜமாஅத் தலைவரின் மனைவி தலைவி, செயலாளரின் மருமகள் பொருளாளர், காசோலையில் கையெழுத்து இவர்கள், முடிவு வீட்டில் அவர்கள் என்றால் அதற்குப் பெயர் கூட்டுறவு அல்ல. தயவுசெய்து சேலையே கொடுத்துக்கொண்டிருங்கள்! கணக்குத் தெரியாதே என்பீர்கள். குழு லோனில் பதினைந்து பேரின் டியூவை மனக்கணக்காக வைத்திருப்பவளுக்கா கணக்குத் தெரியாது? எழுதத்தான் தெரியாது. மதரஸா முடித்த பெண்பிள்ளைகள் ஊருக்கு நான்கு பேராவது இருக்கிறார்கள். அஸருக்குப் பின் அவர்களை உட்கார வைத்து இரண்டு மாதம் சொல்லிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

கடைக்காரர்களுக்கு

இளைஞர்களுக்கு வேலை சொல்லிவிட்டேன். விண்ணப்பம் வாங்குவது, சான்றிதழுக்கு அலைவது, அறுந்த பெல்ட்டை பைக்கில் வைத்து அருப்புக்கோட்டைக்குக் கொண்டுபோய் மாற்றி வருவது. பேச்சாளர்கள் நிறைய இருக்கிறோம், பெல்ட் மாற்ற ஆள் இல்லை.

வியாபாரிகளே, உங்களிடம் நான் நன்கொடை கேட்கவில்லை. உங்களில் பலர் மதுரையிலும் சென்னையிலும் வெளிமாநிலத்திலும் ஜவுளிக்கடை, பேன்ஸிக்கடை, மளிகைக்கடை வைத்திருக்கிறீர்கள். நைட்டி ஈரோட்டிலிருந்து வருகிறது. பிள்ளைகள் கவுன் புதியம்புத்தூரிலிருந்து வருகிறது. புதியம்புத்தூர் என்ன காவிரிக் கரையிலா இருக்கிறது? ஓட்டப்பிடாரம் பக்கத்து வானம் பார்த்த பூமி, நம் திருச்சுழிச் சீமை போலத்தான். அங்கே ஊரே தையல் மிஷின் சத்தத்தில் பிழைக்கிறது. நம் ஊர்ப் பெண்ணின் மிஷின் மேல் மூட்டை இருக்கிறது. வித்தியாசம் மண்ணில் இல்லை, கொள்முதல் செய்யும் ஆளில் இருக்கிறது.

ஆரம்பத்தில் தையல் கோணலாக இருக்கும். நூறில் பத்து திரும்பி வரும். ஈரோட்டு விலைக்கு ஒன்றிரண்டு ரூபாய் கூடவும் ஆகலாம். அந்த ஒன்றிரண்டு ரூபாயைத் தாங்க முடியாதவர்கள், ரமளானில் ஒன்றரை லட்சத்துக்குச் சேலை கொடுத்தோம் என்று சொல்லிக்கொள்வதில் என்ன அர்த்தம் இருக்கிறது? தரம் சரியில்லை என்றால் முகத்துக்கு நேரே சொல்லுங்கள், சரக்கைத் திருப்பி அனுப்புங்கள். தர்மத்துக்காக வாங்குகிறேன் என்று கோணல் தையலை வாங்கி மூலையில் போடாதீர்கள். அதுவும் அவளை வரிசையில் நிற்க வைப்பதுதான்.

வீரசோழன் சந்தைக்கு எப்படியும் வருவீர்கள். ஊரில் வீடு இருக்கிறது, உறவு இருக்கிறது, கல்யாணம் காட்சி இருக்கிறது. அடுத்த முறை வரும்போது ஒரு துண்டுச் சீட்டு எழுதி வாருங்கள். நைட்டி எத்தனை, பாவாடை எத்தனை, துணிப்பை எத்தனை. அளவு என்ன, நிறம் என்ன, எந்தத் தேதிக்கு வேண்டும், உருப்படிக்கு என்ன விலை தருவீர்கள். கீழே கையெழுத்து. கூடவே பாதி முன்பணம். வாங்கிக்கொள்ளப் பெண்கள் இருக்கிறார்கள்.

வஸ்ஸலாம்.